பள்ளிப் பிள்ளைகளும் தண்ணீர்ப் பந்தல் அறமும்

(கொல்லிமலையில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் வேண்டியவாறு ஈண்டு வெளியிடப்படுகின்றது.)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் மலைப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குத் தூய குடிநீர் கிடைக்கச் செய்தலும், அதற்குரிய பொருளைத் தேடுதலும் ஆகும். குலத்தின் பழம்பெருமையையோ, கல்வி உதவித் தொகையையோ, உத்தியோகங்களில் நம்மவர்க்குரிய இடத்தையோ பேசாது, ஒரு குடம் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தானே என்று சிலர் எண்ணக்கூடும். அன்பர்களே! கல்வி வேண்டுமென்று முப்போதும் முழங்குகின்றோம். கல்வி பெறவேண்டிய பிள்ளை வயிற்றுப்போக்கினால் வீட்டில் படுத்திருக்குமாயின் அக்கல்வி யாரைச் சென்று சேரும்? சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதல் வேண்டும்? ஆதலின், இது கல்விக்குப் புறம்பான பேச்சன்று. கல்விக்கு அடிப்படையான பேச்சே என்று கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

நம் மலையின் இயல்பை முதற்கண் நோக்குவோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் நாம் வாழ்கின்றோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறி வருவோர் யாவரும், இங்கே நீருக்குக் குறைவிராதென்றே எண்ணுவர். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஐயாறு ஆகாய கங்கை அருவியாய் வீழ்வதைக் காண்போர்க்கு, இம்மலையில் ஒரு பிள்ளை தாகத்தோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் என்பது நம்பக்கூடாத செய்தியாகவே தோன்றும். ஆயினும், கண்ணுக்கு அழகாய் வீழும் நீர் வேறு, பள்ளிக் குழாயில் வரும் நீர் வேறு. மலையில் பெய்த மழை பாறைமேல் நெடுநேரம் தங்குவதில்லை. சரிவு வழியே விரைந்தோடிச் சமவெளிக்குச் சென்றுவிடுகின்றது. பாறையின் வெடிப்புக்களில் ஊறி நிற்கும் சிறுபகுதியே சுனையாகவும் ஊற்றாகவும் கிணறாகவும் நமக்குப் பயன்படுகின்றது. மாசியிலிருந்தே அவ்வூற்றுக்கள் மெலியத் தொடங்கும். பங்குனி சித்திரையில் பல ஊற்றுக்கள் கண்மூடிவிடும். ஆண்டுத் தேர்வு நடக்கும் காலமும் அதுவே என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, ஊற்று நீர் தூயதே என்னும் நம்பிக்கை நம் மக்களிடம் வேரூன்றி நிற்கின்றது. காடு அடர்ந்து, குடிகள் சிலவாய் இருந்த காலத்தில் அந்நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தியிருக்கலாம். இப்பொழுது ஊற்றுக்கு மேற்புறம் வீடுகள் உள. மாட்டுத் தொழுவங்கள் உள. கழிப்பிடக் குழிகள் உள. மரவள்ளிக்கும் மிளகுக்கும் இடும் உரமும் மருந்தும் உள. மழை பெய்யும்போது இவையெல்லாம் கரைந்து கீழிறங்குகின்றன. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருத்தல் கூடும். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவிப் பல நூற்றுவர் மாண்டனர். அந்நோய் தீய காற்றால் வருகின்றதென்றே அக்காலத்து மருத்துவர் பலர் கருதினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைப் படத்தில் குறித்து, அவர்களுட் பெரும்பாலார் பிராடு தெருவிலிருந்த ஒரே அடிகுழாயின் நீரைப் பருகியவர் என்று காட்டினார். அந்நீர் பார்வைக்குத் தெளிந்தே இருந்தது. ஆகலின், நீரின் தூய்மையைக் கண்ணால் துணிதல் இயலாது. சோதித்தே துணிதல் வேண்டும்.

தூய்மையற்ற நீரால் வரும் கேடுகளைத் தாய்மார்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, சீதபேதி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை ஆகியவற்றை நம் வீடுகள் நன்கறியும். ஆசிரியன் என்னும் முறையில் வேறு இரண்டு கேடுகளை மட்டும் சொல்ல விரும்புகின்றேன். ஒன்று, நீர் நன்றாயில்லாத பள்ளியில் பிள்ளைகள் நீரே பருகாமலிருந்துவிடுகின்றனர். பெண் பிள்ளைகள், கழிப்பிடத்தில் நீரில்லையே என்று அஞ்சிக் காலை முதல் மாலை வரை வாயை நனைப்பதில்லை. பிற்பகல் வகுப்பில் தலைவலி, சோர்வு, மயக்கம் என்று அவர்கள் வாடுவதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். மற்றொன்று, குழாய் வறண்ட நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குச் செல்வோர் பெரும்பாலும் பிள்ளைகளே. பாடம் கேட்கவேண்டிய நேரத்தில் பாதையில் நடக்கும் அச்சிறுமியர்க்கு அந்நேரத்தை யார் திருப்பித் தருவார்? 2019-ஆம் ஆண்டில் கேரளநாட்டுப் பள்ளிகளில், பிள்ளைகள் நீர் பருகுதற்கென்றே மணியடிக்கும் வழக்கம் தோன்றிப் பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. நல்ல வழக்கமே. ஆயின், மணியடித்த பின் பருகுதற்கு நல்ல நீர் வேண்டுமன்றோ?

இதற்குரிய பொருளைத் தரும் கடமை யாருடையது? ஐயத்திற்கிடமின்றி அரசினுடையதே. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் போதிய தூய குடிநீர் வசதி பள்ளிக் கட்டடத்தில் இருத்தல் வேண்டுமென்று அச்சட்டத்தின் அட்டவணை விதிக்கின்றது. 2012 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பிடமும் ஆறு மாதத்திற்குள் அமைதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆகவே, நாம் பள்ளிக்குத் தண்ணீர் கேட்பது இரந்து கேட்பதன்று, உரிமையைக் கேட்பதாகும்.

சட்டம் மட்டுமன்றிப் பணமும் ஒதுக்கப்பட்டே வந்துளது. ஜல் ஜீவன் இயக்கம் 2019 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அறிவிக்கப்பெற்றது. ஊரகத்து வீடுதோறும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாய் வழி தருதல் அதன் நோக்கம். 2020 அக்டோபர் 2-ஆம் நாள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய்நீர் தருதற்கென்றே 100 நாள் முயற்சியொன்று தொடங்கப்பெற்றது. பதினைந்தாம் நிதிக்குழு 2021–22 முதல் 2025–26 வரை ஊராட்சி அமைப்புக்களுக்கு வழங்கச் சொன்ன மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் தூய்மைக்குமே செலவிடப்படல் வேண்டுமென விதித்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ், பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பள்ளி மானியம் வருகின்றது. எடுத்துக்காட்டாக, 90 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 25,000 உரியது, அதில் பத்திலொரு பங்கேனும் தூய்மைப் பணிக்குச் செலவாதல் வேண்டும்.

அற்றேல், சட்டமும் பணமும் இருக்கப் பள்ளிக் குழாய் ஏன் வறண்டிருக்கின்றது? இவ்வினாவிற்கு விடை கண்டாலன்றி நம் முயற்சி பயன்படாது. யான் கண்ட அளவில் சொல்லுகின்றேன். தொட்டி கட்டப் பணம் வருகின்றது. குழாய் பதிக்கப் பணம் வருகின்றது. திறப்பு விழாவும் நடக்கின்றது. ஆறு மாதம் கழித்து மோட்டார் பழுதாகின்றது. குழாயின் வாஷர் தேய்கின்றது. தொட்டியின் மூடி காற்றில் பறக்கின்றது. அப்பொழுது அதைச் செப்பனிட யார் பொறுப்பு, எந்தக் கணக்கில் செலவு என்பது எவர்க்கும் தெரிவதில்லை. தலைமையாசிரியர் ஊராட்சியைக் காட்டுவார். ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டும். ஒன்றியம் துறையைக் காட்டும். இதற்கிடையே ஒரு கல்வியாண்டு கழிந்துவிடும். சமவெளியில் பழுதுபார்ப்போன் ஒரு நாளில் வருவான். இங்கோ அவன் 70 வளைவுகளை ஏறி வருதல் வேண்டும். வந்துபோகும் கூலி பழுதான பொருளின் விலையை விஞ்சுகின்றது. எனவே, நம் மலைப்பள்ளிகளின் பெருங்குறை கட்டும் பொருளில் இல்லை. காக்கும் பொருளிலேயே உளது.

நம் முன்னோர் இவ்வுண்மையைத் தெளிவாய் உணர்ந்திருந்தனர். தண்ணீர்ப் பந்தல் தமிழ்நாட்டின் பழைய அறங்களுள் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகளைக் காண்கின்றோம். பந்தல் போட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நீர் இறைத்துக் கொணர்வோனுக்கும், வந்தவர்க்கு நீர் வார்ப்போனுக்கும், கலம் கொடுக்கும் குயவனுக்கும் ஆண்டுதோறும் கிடைக்குமாறு வருவாயைப் பிரித்து அமைத்தனர். கோயில் நந்தாவிளக்கை எண்ணிப் பாருங்கள். விளக்கை மட்டும் கொடுத்தால் அஃது எத்தனை நாள் எரியும்? நாள்தோறும் நெய் வேண்டும். அந்நெய்க்காகப் பெரும்பாலும் 96 ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டனர். அவற்றிற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயரிட்டனர். ஆடு சாகாதா, மூவாதா? சாகும், மூக்கும், ஆயினும் குட்டிகளால் மந்தையின் தொகை குறையாதிருத்தல் வேண்டும் என்பதே அவ்வழக்கின் கருத்து. முதல் அழியாது, பயன் மட்டும் நாளும் வருமாறு செய்த இவ்வேற்பாட்டையே இக்காலத்தார் அறக்கட்டளை என்றும் நிலைவைப்பு என்றும் கூறுகின்றனர். பள்ளித் தண்ணீருக்கு இன்று வேண்டுவது இத்தகைய சாவா மூவா நிதியேயாம்.

இனி, அந்நிதி எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி, பகற்பள்ளியில் பிள்ளையொன்றுக்கு எல்லாத் தேவைக்கும் நாளொன்றுக்கு 45 லிட்டரும், தங்கிப் பயிலும் பள்ளியில் 135 லிட்டரும் வேண்டும். நம் மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டுறைவிடப் பள்ளிகளில் 100 பிள்ளைகள் தங்குவராயின், நாளொன்றுக்கு 13,500 லிட்டர் வேண்டும். அதைத் தருதல் அரசின் பெருந்திட்டத்தாலேயே கூடும், நம்மால் கூடாது. 90 பிள்ளைகளுள்ள பகற்பள்ளிக்கு நாளொன்றுக்கு 4,050 லிட்டர். 220 பள்ளி நாட்களுக்கு 8,91,000 லிட்டர். இத்தனை நீரையும் கிருமியறச் செய்ய எவ்வளவு செலவாகும்? ஆயிரம் லிட்டருக்கு நல்ல குளோரின் தூள் இரண்டரை முதல் நான்கு கிராம் என்பது பொதுக்கணக்கு. அவ்வாறாயின் ஆண்டு முழுமைக்கும் நான்கு கிலோவிற்கும் குறைவே; அதன் விலை சில நூறு ரூபாய்களுள் அடங்கும். இதனோடு தொட்டி கழுவும் கூலி, குழாய்த் திருகு, வாஷர், நீர்ச்சோதனை, பழுதுபார்ப்போன் வந்துபோகும் செலவு ஆகியவற்றைச் சேருங்கள். ஒரு பள்ளியின் பெயரால் ஒரு லட்ச ரூபாய் நிலைவைப்பில் இருந்து, நூற்றுக்கு 6 வட்டி வருமாயின், ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். சிறுபழுதுகள் ஒரு வாரத்திற்குள் நீங்க இத்தொகை பெருந்துணையாகும். மோட்டாரே எரிந்துபோனால் மட்டும் வேறு உதவி நாடல் வேண்டும்.

பொருளைத் தேடுதலைப்போலவே அதனை வீணாக்காதிருத்தலும் அறமாகும். இக்காலத்தில் குடிநீர்க்கொடை என்றவுடன் ‘ஆர்.ஓ.’ இயந்திரம் ஒன்றை வாங்கி, அதன்மேல் பெயர்ப்பலகை பொருத்திப் படமெடுத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவ்வியந்திரம் நீரிலுள்ள உப்பை நீக்குவதற்கு ஏற்பட்டது. உவர்நீர் நிலத்திலும், புளோரைடு மிகுந்த நிலத்திலும் அதனால் பயனுண்டு. ஊற்று நீரில் உப்புக் குறைவாயிருக்குமாயின், அங்கே அதற்கு வேலையில்லை. உட்சென்ற நீரில் பெரும்பகுதியை அது கழிவாக வெளியேற்றுகின்றது. கோடையில் குடத்திற்கு ஏங்கும் பள்ளியில் இது தகுமா? கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த நீர்க்கு அவ்வியந்திரம் கூடாதென 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் கருத்துரைத்தது. வடிகட்டியை மாற்ற ஆளின்றி மூலையில் கிடக்கும் இயந்திரங்களைப் பள்ளிகளில் கண்டிருக்கின்றேன். அதை வழங்கியவர் நன்மனத்தோடுதான் வழங்கினார். ஆயின், நோயை அறியாமல் மருந்து கொடுத்தாற்போல் ஆயிற்று.

ஆதலின், முதற்செலவு சோதனைக்கே ஆகல் வேண்டும். உப்பு, இரும்பு, புளோரைடு, நைட்ரேட்டு ஆகியவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அறியலாம். கிருமி உளதோ என்பதை அறியச் சிறு குப்பிச் சோதனையொன்று உளது. 1982-இல் இந்திய அறிவியலாளர் வகுத்து வெளியிட்டது அது. குப்பியில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த நீர் கருநிறமாகும். இஃது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாதெனினும், எச்சரிக்கை மணியாகப் பயன்படும். ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இத்தகைய சோதனைகளைப் பழக்க வேண்டுமென்று விதித்துள்ளனர். நம் தாய்மார்களுள் ஐவர் முன்வந்து கற்பின், அவர் சொல்லும் சொல்லுக்கு ஊராட்சியும் பள்ளியும் செவிசாய்த்தே தீரும்.

சோதனைக்குப்பின் ஊற்றைக் காத்தல் வேண்டும். ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல்லடுக்கிச் சிறு பெட்டிபோல் கட்டி மூடி, நீர் தரையில் தேங்காது குழாய் வழியே வருமாறு செய்தல். மேற்புறத்தில் மழைநீரை விலக்கும் வாய்க்கால் வெட்டுதல். கால்நடை புகாது வேலியிடுதல். குறைந்தது முப்பது மீட்டருக்குள் கழிப்பிடக் குழி இல்லாதவாறு பார்த்தல் ஆகிய இவை எளிய வேலைகள். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் இவ்வாறு ஊற்றுக்களைக் காத்து, அதன் பயனை மைக்கேல் கிரெமர் முதலிய பொருளியலறிஞர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். ஊற்றிடத்தில் மலக்கிருமிக் கலப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நான்கிலொரு பங்கு குறைந்தது. ஆயின், வீட்டுக் குடத்திலிருந்த நீரில் கிருமிக் குறைவு ஊற்றிடத்தில் கண்ட அளவு இல்லை. என்னை? சுமக்கும்போதும் வைக்கும்போதும் கை பட்டு நீர் மீண்டும் மாசுறுகின்றது. இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: ஊற்றில் தொடங்கும் காவல் பிள்ளையின் வாய் வரை தொடர்தல் வேண்டும். பள்ளியில் மூடியும் குழாயும் உள்ள கலத்திலேயே நீர் வைத்தல் வேண்டும். குவளையை உள்ளே தோய்க்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். குளோரின் இட்ட நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சி நிற்றல் வேண்டும். மின்சாரமும் தூளும் இல்லாத நாளில் காய்ச்சுதலே வழி. நம் மலையின் உயரத்தில் நீர் ஏறக்குறைய 96 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். எனினும் ஒரு நிமிடம் நன்கு தளதளவெனக் கொதிக்கவிடின் கிருமிகள் மடியும்.

பொருள் திரட்டும் வழியில் எழும் தடைகள் மூன்று. அவற்றிற்கு விடை கூறிவிட்டு முடிக்கின்றேன்.

முதல் தடை: அரசின் கடமையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது. நியாயமான கேள்வியே. அரசின் பணத்திற்கு மாற்றாக நம் பணத்தைக் கொடுத்தல் கூடாது. அரசின் பணம் ஒழுங்காய் வந்து சேரவும், வந்தது வீணாகாதிருக்கவுமே நம் பணமும் உழைப்பும் பயன்படல் வேண்டும். 1958 முதல், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் கூட்டினார். மக்கள் தம்மால் இயன்ற பணமும் பொருளும் உழைப்பும் வழங்கினர். பள்ளி தம்முடையது என்னும் உணர்ச்சி அவர்க்குத் தோன்றிற்று. அவ்வுணர்ச்சி தோன்றிய ஊரில் அதிகாரி பொறுப்பைத் தட்டிக்கழித்தல் அரிது. இன்றும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றிலொரு பங்கு கொடுத்தால் எஞ்சியதை அரசு தருகின்றது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெருங்கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும். தூய குடிநீர் அப்பணிகளுள் ஒன்று. எனினும், கேட்கும் இடமறிந்து, கணக்கோடு கேட்டல் வேண்டும். தமிழகத்தில் 2022 முதல் மார்ச்சு 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட்டும் முறை ஏற்பட்டுளது. அச்சபையில் பள்ளித் தண்ணீரைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றி ஏட்டில் பதியச் செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதியளவினர் பெண்கள். அக்குழுவின் கூட்டத்திற்குச் செல்லாமல் திண்ணையில் அமர்ந்து குறைகூறுதல் நமக்கு அழகன்று.

இரண்டாம் தடை: நம்மவர் வறியவர், அவர் எங்ஙனம் கொடுப்பர் என்பது. ஜல் ஜீவன் இயக்கத்தின் விதியில், ஊருக்குள் அமைக்கும் பணிச்செலவில் மக்கள் பங்கு பொதுவாக நூற்றுக்கு 10. மலைப்பகுதிக்கும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பாதிக்குமேல் வாழும் ஊர்க்கும் 5. அதனையும் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். வாய்க்கால் வெட்டுதலும் கல் சுமத்தலும் நமக்குப் புதியனவல்ல. முற்காலத்தில் பிடியரிசி எடுத்து வைத்துப் பள்ளிகளை நடத்தியவர் தமிழர். நம் வீடுகளில் உலையிடும்போது ஒரு பிடி சாமையோ அரிசியோ தனியே எடுத்து வைத்தால், அது ஊர்க்கொடையாகும். மிளகும் காப்பியும் பலாவும் விற்று வரும் பணத்தில், சோளக்காட்டுச் சந்தையில் ஒரு கை வைத்துக் கொடுத்தாலும் போதும். சிறு துளி பெருவெள்ளமாதலை அருவிக்கரையில் வாழும் நமக்கு யார் கற்பித்தல் வேண்டும்?

மூன்றாம் தடையே கடியது. நம் சங்கத்துப் பணம் நம் குலப் பிள்ளைகளுக்கன்றோ உரியது, பொதுப் பள்ளிக்கு ஏன் என்பாருளர். மலையடிவாரத்துப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்வோம் என்று நம் இளைஞர் சிலர் சொன்னபோது இக்கேள்வி எழுந்ததை யான் அறிவேன். இதற்கு என் விடையை மறைக்காமல் சொல்லுகின்றேன். தண்ணீரைக் குலத்தால் பிரித்த பாவம் இந்நாட்டை நெடுநாள் வாட்டியது. 1927 மார்ச்சு 20-ஆம் நாள், மகாட் என்னும் ஊரின் சவுதார் குளத்தில் ஒரு வாய் நீர் அள்ளிப் பருகுவதற்கே அண்ணல் அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு போராட வேண்டியிருந்தது. அவ்வுரிமை நீதிமன்றத்தில் நிலைபெற 1937 வரை பத்தாண்டு சென்றது. அது பழங்கதை என்று நினையாதீர். 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி கேட்டு நாடே தலைகுனிந்தது. மலையில் வாழ்கின்றோம் என்பதற்காகவே பிறரால் தாழ்வாய் எண்ணப்பட்ட நாம், பிறர் பிள்ளையைத் தாழ்வாய் எண்ணலாமா? தனிக்குவளை, தனிக்குழாய் என்னும் எண்ணம் நம் சங்கத்தின் பெயரால் எப்பள்ளியிலும் நுழைதல் கூடாது. அன்றியும், கிருமி குலம் பார்ப்பதில்லை. அடுத்த பிள்ளையின் கை தூய்மையாயிருந்தாலன்றி நம் பிள்ளையின் உடல்நலமும் நிலைக்காது.

பெயர்ப்பலகையைப் பற்றியும் ஒரு சொல். திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது, தம் பெயரை அதற்கு இட்டாரில்லை. தாம் அதுவரை கண்ணாலும் காணாத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். தம் பெயரை எழுதாத அவரைப் பெரியபுராணம் இன்றளவும் நம் நெஞ்சில் எழுதி வைத்திருக்கின்றது. வல்வில் ஓரியின் கொடையைச் செம்மேட்டில் ஆடிதோறும் விழாவெடுத்துப் பாராட்டுகின்றோம். ஓரி தன்னைப் பாடி வந்தவர்க்குக் கொடுத்தான். நாம் பாடவும் அறியாத, கேட்கவும் அறியாத சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பள்ளித் தொட்டியின்மேல் நம் சங்கத்தின் பெயர் வேண்டா. தொட்டி கழுவிய நாளும், நீர் சோதித்த நாளும், கையிருப்புத் தொகையுமே அங்கு எழுதப்படட்டும்.

ஆதலின், இக்கூட்டத்தின்முன் நான்கு தீர்மானங்களை வைக்கின்றேன். முதலாவது, நம் சங்கத்தின் ஆண்டு வருவாயில் பத்திலொரு பங்கைப் பள்ளித் தண்ணீர்க்கென ஒதுக்கி, அதன் முதலை எக்காரணத்தாலும் எடுக்காது நிலைவைப்பாக வைத்தல். இரண்டாவது, ஊர்தோறும் பெண்கள் ஐவரைத் தேர்ந்து நீர்ச்சோதனை பழகச் செய்து, மழைக்கு முன்னும் பின்னும் பள்ளி நீரைச் சோதித்தல். மூன்றாவது, அடுத்த கிராம சபையில் அவ்வவ்வூர்ப் பள்ளியின் தண்ணீர் நிலையை எழுத்தில் வைத்து, உரிய மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று கேட்டல். நான்காவது, நம் உதவி பெறும் எப்பள்ளியிலும் ஒரே குழாயில் எல்லாப் பிள்ளைகளும் நீர் பருகுதல் வேண்டும் என்பதை மாற்றமில்லாத விதியாகக் கொள்ளுதல்.

அன்பர்களே! ஒரே நாளில் இவையெல்லாம் நிறைவேறுமென்று யான் சொல்லவில்லை. ஒரு பள்ளியில் தொடங்குவோம். அங்கே கண்ட பழுதைத் திருத்திக்கொண்டு அடுத்த பள்ளிக்குச் செல்வோம். அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில், எத்தனை பள்ளிகளில் பங்குனி மாதத்தும் குழாய் வறளாதிருந்தது என்னும் கணக்கை நம் செயலாளர் படித்தல் வேண்டும். அக்கணக்கு எத்துணைச் சிறியதாயினும் அதனை நம் சங்கத்தின் மெய்யான ஆண்டறிக்கையாக யான் மதிப்பேன். தீர்மானங்களை ஏற்றருளுமாறு பெரியோர்களையும் தாய்மார்களையும் பணிவுடன் வேண்டி அமைகின்றேன்.